கரை பெரியவனுக்கு, முந்தி சின்னவனுக்கு

சந்திரமோகனுக்கு அமெரிக்காவில் இருக்கும் ஓர் அண்ணன் தம்பியைப் பற்றித் தீராத கவலை. பெரியவர் பெயர் வாரன், சின்னவர் பெயர் க்ளைட். இவர் அவர்களைப் பார்த்ததில்லை, அவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது. ஆனால் அந்த இருவரும் முப்பது வருஷமாக ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்கிற விஷயம், ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுப் பிழைக்கும் இந்த மனிதருக்குச் சோறு இறங்காமல் செய்தது. சொந்தத் தம்பி சிவகுமார் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே டிசைன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு இவர் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அது மட்டும் இவர் சாப்பாட்டை ஒன்றும் செய்யவில்லை. மூன்று வேளையும் நன்றாகவே இறங்கியது.

அமெரிக்காக்காரர்கள் மேல் இவருக்கு என்ன அப்படி ஒரு பாசம் என்று கேட்பீர்கள். 'எல்த்ரான்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை உண்டாக்கியவர்கள் அவர்கள்தான். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு வீரர்களை நாமே உண்டாக்கி, பேர் வைத்து, ஒருவன் கையில் வாள், ஒருவன் வாயில் மந்திரம் என்று வேலை பிரித்துக் கொடுத்து, பூதமும் பேயும் திரிகிற ஒரு நாட்டில் மாதக்கணக்கில் மேய்த்துக்கொண்டு போக வேண்டும். ஒரு பாகம் முடிந்தால் அதே ஆறு பேரையும் அடுத்த பாகத்துக்குக் கூட்டிப் போகலாம். குடித்தனம் மாதிரிதான். என்ன, குடித்தனத்தில் பூதத்தைக் கொன்றால் தங்கம் கிடைக்காது.

இந்த விளையாட்டு ஆரணிக்கு வந்தது தற்செயல். அப்பா பரசுராமன் கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து டிசைன் போட்டவர். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஓட்டைக்குத் தகுந்தபடி புடவையில் ஜரிகை பூக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று யாரோ சொல்லக் கேட்டு, சென்னைக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டார். அதற்கு முன்னால் அதை வைத்திருந்த புண்ணியவான் எவனோ எல்த்ரானின் முதல் மூன்று பாகங்களை அதற்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

பிள்ளைகள் இருவரும் அதில் விழுந்தார்கள். பெரியவர் விசைப்பலகையில், சின்னவர் பக்கத்து ஸ்டூலில் கிராஃப் பேப்பரோடு. அந்தக் காலத்து விளையாட்டில் வரைபடம் கிடையாது. எத்தனை அடி வைத்தோம், எங்கே திரும்பினோம், எந்தச் சுவரில் கதவு என்று விளையாடுகிறவன்தான் கட்டத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற ஊர்க்காரன் இதற்கு முழி பிதுங்கியிருப்பான். நெசவுக்கு டிசைன் போடும் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டத்தாள் தண்ணீர் பட்ட பாடு. சிவகுமார் வரைந்த குகைகள் அச்சடித்தாற்போல் இருக்கும். அப்பா அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, பிள்ளைகள் புதுத் தொழில்நுட்பத்தில் புடவை முந்தி டிசைன் பழகுகிறார்கள் என்று பூரித்துப் போய்ப் பக்கத்து வீட்டாரிடம் எல்லாம் காட்டினார். இருவரும் அவரைத் திருத்தவில்லை.

ஆறு வீரர்களில் இரண்டு பேர் இவர்களே. அம்மா அபிதகுசாம்பாளுக்கு வைத்தியம் பார்க்கும் வேலை. அப்பா பரசுராமன் தாடி வைத்த மந்திரவாதி. மிச்சம் இரண்டு இடத்துக்குப் பேர் கிடைக்காமல், அப்போது சந்திரமோகனுக்குப் பார்த்து வைத்திருந்த பெண் ஸ்வர்ணலதாவின் பெயரையும் எதிர்வீட்டு நாய் மணியின் பெயரையும் வைத்தார்கள். நாய்க்குக் கோடரி கொடுத்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். ஸ்வர்ணலதாவைப் பின்வரிசையில் விட்டு எல்லாருடைய மூட்டையையும் சுமக்கக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இது அந்த அம்மாளுக்குத் தெரியவந்தபோது பெரிதாகக் கோபப்படவில்லை. வீட்டில் இருக்கிற நிலவரத்தைத்தானே விளையாட்டிலும் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் பாகத்தின் முடிவில் கறுப்புக் கோட்டை என்று ஒன்று வரும். அங்கேதான் இவர்கள் கதை நின்றது. அந்தக் கோட்டையின் வழி ஒவ்வொருவர் ஆட்டத்திலும் புதிதாக அமையும். எனவே இன்டர்நெட்டில் தேடிப் பிரயோஜனமில்லை, நம் கோட்டைக்கு நாம் போட்ட படம்தான் கதி. இன்னொன்று, அங்கே செத்தவன் செத்தவன்தான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்க முடியாதபடி விளையாட்டே கணக்கை அழித்துவிடும். முன்னாடியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று சந்திரமோகனின் மகள் காவ்யா பிறகொரு தடவை கேட்டாள். அவர் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சை அதோடு விட்டாள்.

வேலைக்கு நடுவே வருஷக்கணக்கில் முதல் இரண்டு பாகங்களைத் தாண்டி வந்து, மாதக்கணக்கில் வெளிப்பிரகாரங்களைச் சுற்றி, சிவகுமார் கோட்டையை முக்கால்வாசி வரைந்து முடித்திருந்த சமயத்தில் அப்பா போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள்.

வீட்டைப் பிரிப்பதில் தகராறே வரவில்லை. நடுவில் ஒரு சுவர், தீர்ந்தது. அப்பா போட்ட டிசைன்கள் டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றை எப்படிப் பிரிப்பது? பஞ்சாயத்துக்கு உட்கார்ந்திருந்த பட்டு வியாபாரி சுப்பராயலு தன் அறிவுக்கு எட்டியபடி ஒரு தீர்ப்புச் சொன்னார். கரை டிசைன் எல்லாம் பெரியவனுக்கு, முந்தி டிசைன் எல்லாம் சின்னவனுக்கு. ஒருவர் தொழிலில் மற்றவர் கை வைக்கக் கூடாது. கரை இல்லாமல் முந்தி எதற்கு, முந்தி இல்லாமல் கரை எதற்கு என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறதே என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

கம்ப்யூட்டரில்தான் வெடித்தது. அது ஒன்றே ஒன்று. மூத்தவன் நான், எனக்குத்தான் என்றார் சந்திரமோகன். சரி, அப்படியானால் கோட்டைப் படம் என்னோடது, நீ எப்படி உள்ளே போகிறாய் பார்க்கிறேன் என்றார் சிவகுமார். கோட்டை என்றதும் பஞ்சாயத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இவர்கள் வீட்டுக்கு இப்படி ஒரு சொத்து இருப்பது யாருக்கும் தெரியாது. எந்த ஊர்க் கோட்டை, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று சுப்பராயலு விசாரித்தார். விவரம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார். அண்ணன் தம்பி இருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குச் சொல்லக்கூடாத சொல் இரண்டு அண்ணன் வாயிலிருந்தும் மூன்று தம்பி வாயிலிருந்தும் வந்தது. அதோடு பேச்சு நின்றது.

அன்றிலிருந்து ஆரணியில் ஒரு வேடிக்கை நடந்து வந்தது. சுப்பராயலு பெரியவர் வீட்டுக்குப் போய்க் கரை டிசைன் வாங்குவார். பத்து அடி நடந்து பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தக் கரையைக் காட்டி, அதற்குத் தோதாக முந்தி வாங்குவார். இரண்டையும் கொண்டுபோய்த் தறியில் சேர்ப்பார். அண்ணன் போட்ட யாளிக்குத் தம்பி போட்ட அன்னம் எப்படித்தான் அப்படிப் பொருந்துமோ, கல்யாணக் கூட்டத்தில் பெண்கள் அந்தப் புடவையைத் தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்கள். பேசிக்கொள்ளாதவர்கள் சேர்ந்து போட்ட டிசைன் என்று யாருக்குத் தெரியப்போகிறது.

கம்ப்யூட்டரை அண்ணன் ஜெயித்தார். அதற்குள் ஆறு வீரர்களும் கறுப்புக் கோட்டையின் உள்வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள், அப்பா உட்பட. சந்திரமோகன் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைத் திறந்து ஆறு பேரையும் பார்த்துவிட்டு மூடி வைப்பார். உள்ளே ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. படம் இல்லாமல் போனால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஸ்வர்ணலதாவுக்கு மட்டும் தெரியும்.

விளையாட முடியாதவர் என்ன செய்வார்? வரலாறு சொல்ல ஆரம்பித்தார். டிசைன் வேலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு, அதில் ஒரு கேமராவை மாட்டி, 'எல்த்ரான் வரலாறு' என்று யூடியூபில் வாரம் ஒரு வீடியோ போட்டார். முதல் பாகத்தில் வீரன் வெறும் எழுத்து, பூதமும் வெறும் எழுத்து, எழுத்து எழுத்தைக் கொல்லும். இரண்டாம் பாகத்தில் நிறம் வந்தது, படகு வந்தது. மூன்றாம் பாகத்தில் கறுப்புக் கோட்டை வந்தது, அதுதான் உச்சம். அதன் பிறகு அண்ணன் தம்பிக்குள் சண்டை. கோர்ட்டுக்குப் போனார்கள். 'எல்த்ரான்' என்ற பெயர் பெரியவருக்கு, அந்த நாடும் அதில் இருக்கிற ஆட்களும் சின்னவருக்கு என்று தீர்ப்பாயிற்று. பெரியவர் நான்காம் பாகம் போட்டார், அதில் பெயர் இருந்தது, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சின்னவர் தன் ஆட்களை வைத்து வேறு பெயரில் ஒன்று போட்டார், அது எல்த்ரான்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு பெயரை ஒரு பெரிய கம்பெனி வாங்கி ஐந்தாம் பாகத்தில் குதிரையை அந்தரத்தில் ஓடவிட்டது. ஆறாம் பாகம் செல்போனுக்கு வந்தது. அதில் வாளைத் தூக்குவதற்கே காசு கேட்டான்.

நான்காம் பாகம் பற்றிச் சொன்ன வீடியோவில் சந்திரமோகன் கேமராவுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒருத்தன் கையில பேரு, ஒருத்தன் கையில ஆளு. ரெண்டையும் பிரிச்சா ரெண்டுக்கும் மதிப்பு உண்டா? கூடப் பொறந்தவன விட இதெல்லாம் பெருசா? இன்னா மனுஷங்க இவங்க!"

ஊருக்குத்தான் உபதேசம் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள். கொஞ்சமாவது உறுத்தியிருக்க வேண்டாமா? இல்லை. வீடியோவைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தார். அதை முழுசாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு வீடியோவுக்கும், போட்ட கொஞ்ச நேரத்திலேயே, கட்டைவிரல் கீழே பார்க்கிற அந்த 'பிடிக்கவில்லை' அடையாளம் ஒன்று தவறாமல் விழும். எவனோ பேஜார் பண்ணுகிறான் என்று அவர் புலம்புவார். நான்காம் பாக வீடியோவுக்குக் கீழே மட்டும், முகம் இல்லாத கணக்கிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தது: 'அதானே.' யாரோ நல்ல ரசிகன் என்று சந்தோஷப்பட்டு அதற்குக் கும்பிடு போட்டார். அது யாருடைய கணக்கு என்று காவ்யாவுக்குத் தெரியும். சித்தப்பாவின் போனில் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததே அவள்தான். பெரியவர்கள் சண்டை அவளைக் கட்டுப்படுத்தியதில்லை, சின்ன வயதிலிருந்து இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தவள்.

காவ்யாவுக்குப் போளூரில் இடம் அமைந்தது. பையன் கால்நடை மருத்துவர், நல்ல குடும்பம். நாள் குறித்த பிறகு பெண் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். முகூர்த்தப் புடவைக்குக் கரை அப்பா போட வேண்டும், முந்தி சித்தப்பா போட வேண்டும். சந்திரமோகன் தயங்கவில்லை. அதுதான் வழக்கமாக நடக்கிறதே, சுப்பராயலு மூலமாக நடந்துவிட்டுப் போகட்டும் என்றார். அதோடு, கல்யாணப் பத்திரிகையையும் சுப்பராயலுவிடமே கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார்.

இதைக் கேட்டதும் ஸ்வர்ணலதா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். நெருங்கிய பங்காளிக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வீடு தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும். மூன்றாம் மனிதர் கையில் பத்திரிகை போனால் அதற்கு 'வராதே' என்று அர்த்தம். சிவகுமாரும் அதைத்தான் காவ்யாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். முந்தி போட்டுத் தருவேன், அது என் பெண்ணுக்கு. மண்டபத்துக்கு வருவதென்றால் உன் அப்பன் வந்து கூப்பிடட்டும். இல்லையென்றால் அன்றைக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.

சித்தப்பா இல்லாத மணவறையில் உட்கார மாட்டேன் என்று காவ்யா சொல்லவில்லை. அவள் அப்படி மிரட்டுகிற பெண் இல்லை. நாளாக ஆக அவள் முகம் சுண்டிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். சந்திரமோகன் அதைப் பார்த்தார். பார்த்தும், அவன் சின்னவன், அவன்தான் முதலில் வர வேண்டும் என்று ஒரே பிடியில் நின்றார். மீசை நரைத்தும் ரோஷம் நரைக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவில் வாரனும் க்ளைடும் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு கிழவர்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, இருவரும் சேர்ந்து எல்த்ரான் ஏழாம் பாகம் செய்யப்போவதாக வீடியோவில் அறிவித்தார்கள். சந்திரமோகன் அதைப் பார்த்துவிட்டு விம்மி விம்மி அழுதார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடி ஜாங்கிரி வாங்கி வந்து, தெருவில் கண்ணில் பட்டவருக்கெல்லாம் கொடுத்தார். மகள் கல்யாணத்துக்கு முன்கூட்டியே இனிப்பு கொடுக்கிறார் என்று எல்லாரும் வாழ்த்திவிட்டுத் தின்றார்கள். தம்பி வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார்.

வீட்டுக்குள் வந்தவரிடம் ஸ்வர்ணலதா ஒரு ஜாங்கிரியை எடுத்துப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "கடல் தாண்டி இருக்கிறவன் சேர்ந்ததுக்கு ஸ்வீட்டு வாங்கிகினு வந்துட்டீங்க. சுவரு தாண்டி இருக்கிறவனுக்கு இன்னா வாங்கப் போறீங்க?"

அது வேற விஷயம் என்றார் சந்திரமோகன். அந்த அம்மாள் மிச்ச ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அடுத்த வாரம் சுப்பராயலு முகூர்த்தப் புடவையின் முந்தி டிசைனைக் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினார். கரையோடு ஒத்துப் போகிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, ஜல்தியா அட்டை அடிக்கக் கொடுக்கணும் என்றார். சந்திரமோகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முந்தியில் மயில் இல்லை, அன்னம் இல்லை. ஜரிகையில் பிரகாரங்கள், பிரகாரங்களுக்குள் பாதைகள், பாதை முட்டுகிற இடத்தில் சின்னச் சின்ன வாசல்கள். பார்க்கிறவருக்குக் கோயில் தரைப்படம் போல இருக்கும். சந்திரமோகன் ஒரு பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போனார். கறுப்புக் கோட்டை. பதினோரு வருஷமாக எந்த வாசலில் ஆறு பேரும் நிற்கிறார்களோ, அந்த உள்வாசலிலிருந்து கடைசி அறை வரைக்கும் தம்பி முழுசாக வரைந்திருந்தான். விளையாடாமலே மிச்சத்தை எப்படி வரைந்தான் என்று யோசித்தார். பிரிந்த அன்றைக்கு முன்னால் தனக்குத் தெரியாமல் தனியாக உள்ளே போய் வேவு பார்த்துவிட்டு வந்திருக்கிறான், திருட்டுப் பயல். கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

சுப்பராயலு போனதும் பழைய கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்தார். அது முனகி விழித்தது. டிசைனைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு விசையில் விரலை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

முந்தி டிசைன் போடுகிற யாரும் முழு முந்தியையும் வரைய மாட்டார்கள். பாதிதான் வரைவார்கள். மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோலக் கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுவிடும். இடமும் வலமும் ஒன்றுபோல இருந்தால்தான் முந்திக்கு லட்சணம். சிவகுமாரும் தொழில் தர்மப்படி அப்படித்தான் போட்டிருந்தார். ஒரு பாதி உண்மைக் கோட்டை. மறுபாதி வெறும் நிழல். வாசல் நடுவில் இருந்தது. அங்கிருந்து இடது பக்கம் ஒரு பாதை, வலது பக்கம் அச்சு அசலாக இன்னொரு பாதை. விளையாட்டிலும் உள்வாசலில் வழி இரண்டாகத்தான் பிரியும். ஒன்றில் போனால் கடைசி அறை. இன்னொன்றில் போனால் சாவு. எது எது என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

இரண்டு நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரை வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில், கையில் பல்துலக்கும் பிரஷோடு பின்கட்டுக்குப் போனார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சுவர் கொஞ்சம் தாழ்வு. அந்தப் பக்கம் தம்பி தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. சந்திரமோகன் வானத்தைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்.

"இடமா, வலமா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு சிவகுமாரின் குரல், அதுவும் வானத்தைப் பார்த்துத்தான் வந்தது.

"தாம்பாளத்தோட வாசப்பக்கமா வந்து கேக்கச் சொல்லு. சுவத்துக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல."

சந்திரமோகன் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே வந்தார். ஸ்வர்ணலதா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் பழம் வெற்றிலை பாக்கு குங்குமம் பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தி டிசைன் வந்த நாளிலிருந்து அந்தத் தாம்பாளம் தயாராகத்தான் இருந்தது, வெற்றிலையை மட்டும் தினம் மாற்றிக்கொண்டிருந்தார். முகம் கழுவிகினு சட்டைய மாட்டுங்க என்றார். அவர் முகம் கழுவிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பத்து அடி தூரம். தெருவே வாசலில் நின்று பார்த்தது. சிவகுமார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தார், அவர் மனைவி சங்கீதா வாசலில் தண்ணீர்ச் செம்போடு. சந்திரமோகனுக்கு வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வார்த்தைகள் மறந்துபோயின. காவ்யா கல்யாணம், நீ முன்னாடி நின்னு நடத்தணும் என்று மட்டும் வந்தது. சிவகுமார் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அண்ணன் காலைத் தொட்டார். பெண்கள் இருவரும் அழுதார்கள். காபி வந்தது. காபி தீர்ந்ததும் சந்திரமோகன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்பச் சொல்லு. இடமா, வலமா?"

சிவகுமார் பின்னந்தலையைச் சொறிந்தார். "எனக்கே ஞாபகமில்லண்ணா. அசல் பேப்பர செல்லு அரிச்சிடுச்சு, மனசுல இருந்ததத்தான் போட்டேன். முந்திக்குத் திருப்பிப் போட்டப்ப எத எந்தப் பக்கம் வச்சேன்னு…"

இதற்கா பதினோரு வருஷம் என்று வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். சந்திரமோகன் எழுந்து, வா என்றார். இருவரும் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அண்ணன் விசைப்பலகையில், தம்பி அதே ஸ்டூலில். வலம் என்றார் அண்ணன். நான் இடது கைக்காரன், முதலில் இடது பக்கம்தான் வரைந்திருப்பேன், இடம் என்றார் தம்பி. வெகுநேரம் வாதாடினார்கள். கூப்பிட்டு வந்த முதல் நாளே அவன் வாயை அடைக்க வேண்டாமென்று அண்ணன் விட்டுக்கொடுத்து இடது பக்கம் திரும்பினார்.

வாசல் பின்னால் சாத்திக்கொண்டது. முதலில் நாய் மணி விழுந்தது. அடுத்து ஸ்வர்ணலதா விழுந்தார். நான் போயிட்டேனா என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது, மூட்டையை இனி யார் தூக்குவார் என்றும் கேட்டது. அம்மா விழுந்தார். சிவகுமார், பிறகு சந்திரமோகன். கடைசியில் இருட்டுப் பாதையில் அப்பா பரசுராமன் ஒருவர் மட்டும், மந்திரம் எல்லாம் தீர்ந்து, தாடியோடு நின்றார்.

"அப்பாவத் திருப்பிக் கூட்டிகினு வந்துடுண்ணா" என்றார் சிவகுமார்.

திரும்ப வழியில்லை. அண்ணன் விரல் விசைகளில் தடுமாறியது. திரை கறுப்பானது. பரசுராமன் இறந்தார் என்று ஒரு வரி வந்து, அதுவும் அழிந்தது. அப்பா நிஜமாகச் செத்தபோது இவர்கள் இருவரும் சேர்ந்து அழவில்லை, ஆளுக்கொரு மூலையில் பாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அழுதார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வயதான இரண்டு ஆண்கள், ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால். காவ்யா கதவருகில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

கண்ணைத் துடைத்ததும் சந்திரமோகன் சொன்னார், நான் அப்பவே வலம்னு சொன்னேன். அப்படியென்றால் நீ ஏன் திரும்பினாய், கை உன்னுடையதுதானே என்றார் சிவகுமார். ஸ்வர்ணலதா இலை போட்டுக் கூப்பிடும் வரைக்கும் அந்தச் சண்டை நடந்தது. சாப்பிடும்போதும் நடந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சித்தப்பா முன்னால் நின்று எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினார். காவ்யாவின் முந்தியைப் பார்த்துப் போளூர்ச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் சொக்கிப் போனார்கள். எந்தக் கோயில் டிசைன் என்று கேட்டார்கள். பெண்ணுக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் நின்று, முந்தியின் இந்தப் பாதியை ஒருவரும் அந்தப் பாதியை ஒருவரும் காட்டிக் காட்டி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நெசவில் ஏதோ பிசகு போலிருக்கிறது, நமக்கெதற்கு என்று மாப்பிள்ளையின் அப்பா நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

பந்தியில் உட்கார்ந்தபோது சிவகுமாரின் போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார். அமெரிக்காவில் வாரனும் க்ளைடும் மறுபடி பிரிந்துவிட்டார்கள். ஏழாம் பாகம் நின்றுபோயிற்று. அட்டைப்படத்தில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் தகராறாம், திரும்பவும் கோர்ட்டுக்குப் போகிறார்களாம். சந்திரமோகன் சாதத்தில் வைத்த கையை எடுத்தார். அவருக்கு இறங்கவில்லை.

"எழுபது வயசு ஆவுது. கூடப் பொறந்தவனுங்க. ஒரு பேருக்காக அடிச்சிகினு சாவறானுங்களே, வெக்கமா இல்ல?"

"நம்மளப் பாத்து கத்துக்கட்டும்ணா" என்றார் சிவகுமார், கொஞ்சமும் சிரிக்காமல்.

அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். எதிர் இலையில் உட்கார்ந்திருந்த ஸ்வர்ணலதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.